காலி என்று சொன்ன கை

1

ஒரு சிலிண்டரைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினால் போதும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று என் கை சொல்லிவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இந்த நோட்டில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்துதான் உட்கார்ந்திருக்கிறேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஹைதராபாத்தில், ஜீடிமெட்லாவில், ஒரு சமையல் கேஸ் ஏஜென்சியின் குடோனில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். வண்டியில் வந்து இறங்கும் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி, எடை குறைந்ததைத் தனியே ஒதுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்திலேயே முள் நிற்பதற்கு முன்னால் நான் எடையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தெலுங்கில் தராசுக்குக் காட்டா என்று பேர். டிரைவர்கள் எனக்குக் ‘காட்டாம்மா’ என்று பேர் வைத்தார்கள். பேச்சியம்மாள் என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

கோவில்பட்டியிலிருந்து இந்த ஊருக்கு வந்து இந்த ஆடியோடு நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், அதைவிட மெதுவாக எழுதுவேன். நம் ஊர்ச் சங்கத்து மலருக்கு, வெளியே போய்க் குடியேறியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அமெரிக்கா, சிங்கப்பூர் என்று எழுதுவார்கள். எனக்கு ரயிலேறி இறங்கிய தூரம்தான். ஆனாலும் பால்காரனிடம் பேச வேறு பாஷை வேண்டும் என்றால் அது வெளிநாடுதானே.

போன மாதம், என் மகனுடைய காரில் மாட்ட வைத்திருந்த ஒரு சிலிண்டரைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். கைக்கு உண்மை தெரியும். வாய்தான் பொய் சொன்னது. அதைத்தான் எழுதப்போகிறேன். ஒற்று விட்டுப்போன இடங்களை அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். மற்றதைத் திருத்த வேண்டாம்.

2

என் வீட்டுக்காரர் இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் பாய்லர் வேலைக்கு வந்தார். அவர் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மகன் செல்வம் இங்கேதான் பிறந்தான்.

அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான்தான் போனேன். அங்கிருந்த கிளார்க் தாளைப் பார்த்துக்கொண்டே “இன்டி பேரு?” என்று கேட்டார். வந்து ஐந்தாறு வருடம் ஆகியும் தெலுங்கு அரைகுறைதான். இன்டி என்றால் வீடு என்று மட்டும் கற்றிருந்தேன். “வாடகை வீடு சார், பேரெல்லாம் கிடையாது. எங்க ஊருன்னா கோவில்பட்டி” என்றேன். இன்டி பேரு என்றால் குடும்பப் பேர். இங்கே ஒவ்வொருவருக்கும் பேருக்கு முன்னால் அது ஒன்று உண்டு. நமக்கு அப்பா பேரின் முதல் எழுத்து போதும் என்று அவருக்கும் தெரியாது, அவருக்கு அதுதான் வேண்டும் என்று எனக்கும் தெரியாது. கடைசியில் காதில் விழுந்ததை அவர் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து என் மகன் கோவில்பட்டி செல்வம். ரேஷன் கார்டு, லைசென்ஸ், ஆதார் எல்லாவற்றிலும் அப்படித்தான். மாற்ற வேண்டுமென்றால் நோட்டரி வேண்டும், பேப்பரில் விளம்பரம் வேண்டும், இரண்டு ஆபீசர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். விட்டுவிட்டோம். அவன் கோவில்பட்டியை மொத்தம் நான்கு தடவை பார்த்திருப்பான். ஆனால் அவன் எங்கே போனாலும் ஊர் அவனுக்கு முன்னால் போகிறது.

அவன் மகள் ஹாசினிக்கு அதுவும் இல்லை. “சாப்பிட்டியாடி?” என்று நான் தமிழில் கேட்டால், “தினேசா நானம்மா”, சாப்பிட்டேன் பாட்டி என்று தெலுங்கில் சொல்லிவிட்டு போனைப் பார்ப்பாள். கேட்டது புரிகிறது. பதில் மட்டும் வேறு தெருவிலிருந்து வருகிறது.

செல்வம் அப்படியில்லை, என்னிடம் தமிழ் பேசுவான். அதில் பாதிக்குப் பாதி இந்த ஊர் கலந்திருக்கும். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பான், ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்பான். இருந்தாலும் ‘அம்மா’ மட்டும் சுத்தமாக இருக்கும். அந்த ஒரு வார்த்தை எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

செல்வத்துக்கு நாற்பத்தொரு வயது. கார் மெக்கானிக். சாதாரண மெக்கானிக் இல்லை, காரை வேகமாக ஓட வைக்கிற மெக்கானிக். ஜீடிமெட்லாவில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறான். அதன் சொந்தக்காரி ஷமீம் பீ. பின்னாலேயே அவள் வீடு. அவளும் என்னைப் போலப் புருஷன் இல்லாதவள். என்னைவிட இரண்டு வயது இளையவளாம். அவள் சொன்னதுதான், நான் தாளைப் பார்க்கவில்லை.

அந்த ஷெட்டில் மூன்று வருடமாக ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. பழைய ஜப்பான் வண்டி. இரண்டே கதவு, தரையோடு தரையாகக் குனிந்து நிற்கும். அதில் ஏறி உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். செல்வம் அதை உடைந்த நிலையில் வாங்கி, ஒவ்வொன்றாக மாற்றி ஓட வைத்தான். இந்த வருடம் அதற்கு ஒரு வாயு மாட்டப்போவதாகச் சொன்னான்.

“என்ன வாயுல?”

“நைட்ரஸ்மா. ஆஸ்பத்திரில பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி மூக்குல வெப்பாங்கல்ல, அதே.”

“சிரிப்பு வாயுவா? கார் சிரிக்கவா போகுது?”

“லைட் தீஸ்கோமா, சொல்றேன் கேளு” என்று, லேசாக எடுத்துக்கொள் என்கிற மாதிரி, உட்கார வைத்து விளக்கினான். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். இந்த வாயு உள்ளே போனால் காற்றைவிட நன்றாக எரிய வைக்கும். விறகடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதுவது மாதிரி என்று நான் சொன்னேன். “ஹவ்! கரெக்ட்டா சொன்ன” என்றான். ஆனால் ஊத ஊத விறகும் சேர்த்து வைக்க வேண்டும். வாயு போகும்போதே கூடுதல் பெட்ரோலும் போக வேண்டும், இல்லாவிட்டால் சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும். அதற்கு ஒரு வால்வு, இதற்கு ஒரு வால்வு, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். காலை முழுதாக அழுத்தினால்தான் வாயு திறக்கும். பத்து வினாடிக்கு மேல் விடமாட்டான். ரோட்டில் இதைத் திறக்கவே கூடாது, ஓட்டிப் பார்க்கவென்று ஊருக்கு வெளியே தனியார் விமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது, அங்கே மட்டும்தான்.

சிலிண்டர் கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சிலிண்டரை இங்கே நிரப்ப மாட்டார்களாம், சட்டம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் சின்ன நீலச் சிலிண்டரைத்தான் வாங்க வேண்டும், அதற்கு எதற்காக என்று மனு, மனுவுக்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு முத்திரை. பேர் என்ன கோவில்பட்டி என்று இருக்கிறதே, இது ஊரா ஆளா என்று ஒருவர் கேட்டு, அதற்கு இரண்டு வாரம் போனது. எல்லாம் சேர்ந்து இரண்டு மாதம். ஒரே ஒரு சிலிண்டர். நிரப்பிக்கொண்டு வந்த அன்று அதை என் கையில் கொடுத்து, “எவ்ளோம்மா?” என்றான். தூக்கிப் பார்த்துச் சொன்னேன். தராசிலும் அதுவே வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது.

4

அவளை அவன் ‘அம்மி’ என்று கூப்பிடுகிறான்.

இந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எல்லாரும் கூப்பிடுவதால் இவனும் கூப்பிடுகிறான் என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு கவனித்தேன். என்னை ‘ம்மா’ என்று வார்த்தையின் வாலில் ஒட்டிவிடுகிறான். அவளை ‘அம்மி’ என்று தனியாக, முழுசாக, வாய் நிறையக் கூப்பிடுகிறான். நம் ஊரில் அம்மி என்றால் மசாலா அரைக்கிற கல். அவன் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் மனசுக்குள் ‘கல்லு, கல்லு’ என்று சொல்லிக்கொள்வேன். கொஞ்சம் ஆறும்.

என் கைக்கு எடை மட்டும்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம். ராசியும் உண்டு. எங்கள் வரிசையில் யார் புதுக் கடை திறந்தாலும் முதல் போணிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். செல்வம் இந்த ஷெட்டைத் திறந்தபோது பூட்டைத் திறந்தது நான்தான். முதல் வண்டி வந்தபோது சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான்.

இந்த வெள்ளைக் காருக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை. ஏழு வாரம் எஞ்சின் பிடிக்கவே இல்லை. ஒரு நாள் ஷமீம் பீ டீ கொண்டுவந்தாள். அலுத்துப்போய், “அம்மி, நீங்க திருப்புங்க” என்று அவள் பாஷையில் சொல்லிச் சாவியை அவளிடம் கொடுத்திருக்கிறான். அவள் பிஸ்மில்லா சொல்லித் திருப்பினாள். பிடித்துக்கொண்டது. அன்று காலையில்தான் புது பெட்ரோல் பம்பு மாட்டியிருந்தான். பம்பு மாற்றினால் பூனை திருப்பினாலும் பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவனுக்கு எதற்கெடுத்தாலும் அம்மி கைதான்.

சிலிண்டர் வந்த மூன்றாம் நாள் சோறு கொண்டுபோனேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“ஞாயித்துக்கெழம ரன்மா. நாலு பேரு பாக்க வர்றாங்க. வண்டி நல்லா ஓடுச்சுன்னா அவங்க நாலு காரும் நமக்குத்தான்.”

“ஓடும்ல. வால்வ யாரு தொறக்கா?”

அவன் தட்டைப் பார்த்தான். “அம்மிய தொறக்கச் சொல்லிருக்கேன். அவங்க கைராசி.”

“சரி” என்றேன். ரசம் ஊற்றினேன். கை நடுங்கவில்லை. அதிலும் எனக்குப் பெருமைதான்.

5

வெள்ளிக்கிழமை மத்தியானம். செல்வம் ஒரு பித்தளை இணைப்பு வாங்கப் போயிருந்தான். ஷமீம் பீ உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். ஷெட்டில் நான் மட்டும். வாசலோரம் வெல்டிங் வாயுவின் காலிச் சிலிண்டர்கள் நின்றன, அவற்றுக்குப் பக்கத்திலேயே அந்தச் சின்ன நீலச் சிலிண்டரும் நின்றது. அவன் அதில் எதுவும் எழுதி ஒட்டவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் போய் அதை ஒரு சாண் தூக்கினேன். நிறைந்திருந்தது. கீழே வைத்தேன்.

அப்போது காலிகளை எடுத்துப்போகிற வண்டி வந்தது. டிரைவர் பெரியதையெல்லாம் ஏற்றிவிட்டு, நீலத்தைக் காட்டி, “அம்மா, இதி காலீயேனா?” என்று கேட்டான். இது காலிதானே என்று கேட்கிறான்.

“அவுனு” என்றேன். ஆமாம்.

அவன் தூக்கினான், முகம் சுளித்தான். கனமாக இருக்கிறதே என்றான். இது தடி இரும்பு, அப்படித்தான் இருக்கும் என்று தெலுங்கிலேயே, ஒரு பிழையில்லாமல் சொன்னேன். இந்தத் ‘தடி இரும்பு’ விஷயத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியே விடுகிறேன். செல்வத்துக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலையில் தேடினான்.

“அம்மா, இங்க இருந்த ப்ளூ சிலிண்டர் எங்க?”

“நேத்து வண்டிக்காரன் வந்தான்ல, அவன் எடுத்துட்டுப் போனான்.”

“அது ஃபுல்லுமா! நீ சொல்லலையா?”

“அவன் காலியான்னு கேட்டான்ல. தெலுங்குல காலின்னா காத்துதான? உள்ள காத்து இருக்கான்னு கேக்கான்னு நெனச்சு ஆமான்னேன்.”

படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். தெலுங்கில் காற்றுக்கு ஒரு காலி, காலிக்கு ஒரு காலி. அவர்கள் காதுக்கு இரண்டும் வேறு வேறு. நமக்கு எழுத்தும் ஒன்று, நாக்கும் ஒன்று. தமிழர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், சிரிப்பார்கள். யோசித்து வைத்த பொய்தான். இந்த ஊரில் அதைவிட நல்ல பொய் ஒரு தமிழச்சிக்குக் கிடைக்காது.

செல்வம் திட்டியிருக்கலாம். ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். “நாப்பது வருஷம் ஆச்சேம்மா” என்று மட்டும் சொன்னான்.

“நாப்பது வருஷம் ஆனா நாக்கு மாறுமால?”

சத்தம் கேட்டு ஷமீம் பீ வந்து நின்றாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடோனில் நான் இருந்த காலத்தில், ஒரு நாள் ஒரு பொம்பளை சண்டை போட்டுக்கொண்டு வந்தாள், சிலிண்டர் பத்து நாளிலேயே தீர்ந்துவிடுகிறதென்று. அவளுக்குக் கொடுக்கவிருந்ததைத் தூக்கிப் பார்த்து, இதுவும் குறைகிறது என்று ஒதுக்கி, வேறு எடுத்துக் கொடுத்தேன். அவள்தான் இந்த ஷமீம் பீ. இந்தக் கைக்கும் குடோனில் தெலுங்கு பேசிய இந்த வாய்க்கும் காலி எது என்று தப்பாது, அதை நேரில் பார்த்தவர்கள் அந்த ஷெட்டில் இருவர். ஒருத்தி நான்.

6

வண்டி போய்ச் சேர்ந்த கிடங்கு பட்டான்செருவில் இருக்கிறது. செல்வம் போன் போட்டான். திரும்பி வந்த சிலிண்டர்களைப் பன்னிரண்டு மணிக்கு வால்வு திறந்து, மிச்சமிருப்பதை வெளியே விட்டுவிடுவார்களாம். ஓர் ஆட்டோவைப் பிடித்தான். நானும் வருவேன் என்றேன். ஷமீம் பீயும் செருப்பை மாட்டினாள். செல்வம் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டான். பின்னால் நானும் அவளும். ஆட்டோ குலுங்குகிற குலுங்கலில் அவள் முட்டி என் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது.

அந்தச் சத்தத்தில் முன்னால் இருப்பவனுக்குக் கேட்காது. அவள் சாலையைப் பார்த்தபடியே, “காட்டாம்மா” என்றாள்.

“ம்.”

“காலி தா?”

காலியாக இருந்ததா என்று கேட்கிறாள். நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“மேரே கூ மாலூம்” என்றாள். எனக்குத் தெரியும் என்று அர்த்தம். கொஞ்ச தூரம் போனதும் என் முட்டியில் கையை வைத்து, “நக்கோ டரோ” என்றாள்.

பயப்படாதே என்கிறாள். அவள், எனக்கு! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கிடங்கில் இருந்தவர் நல்ல மனுஷர்தான், ஆனால் ரிஜிஸ்டர் மனுஷர். “காலி என்று ஏறிவிட்டது. காலி என்று ஏறியதை நிறைந்தது என்று திருப்பித் தர எங்களுக்கு வழி இல்லை” என்றார். செல்வம் கும்பிடாத குறையாகக் கேட்டான். கடைசியில், உன்னுடையது எது என்று காட்டு, தவறுதலாக வந்தது என்று எழுதிக் கொடு, எடுத்துக்கொண்டு போ என்றார். பின்னால் அழைத்துப்போய்க் காட்டினார். நாற்பதுக்குக் குறையாது, எல்லாம் ஒரே அளவு, ஒரே நீலம். செல்வம் தன் சிலிண்டரின் நம்பரைக் குறித்து வைக்கவில்லை. மனுவில் எழுதியிருந்தது, மனு ஆபீசில் இருக்கிறது, ஆபீஸ் சனிக்கிழமை லீவு. தராசு இருந்தது. அதற்கு வருடா வருடம் வைக்கும் முத்திரை காலம் தாண்டிவிட்டதாம், இன்ஸ்பெக்டர் வந்து அரக்கு வைத்து மூடிப் போயிருந்தார். தொடக் கூடாது.

செல்வம் நாலைந்தைத் தூக்கிப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் பாதியிலும் திருப்பி அனுப்புவார்கள், முக்காலிலும் அனுப்புவார்கள். இரும்பும் ஒவ்வொன்றும் ஒரு கனம். “எல்லாமே ஒரே மாதிரி இருக்கும்மா” என்றான். மணி பதினொன்றரை.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தூக்கிக் காட்டினால், நிறைந்தது என்று தெரிந்தேதான் அதைக் காலி வண்டியில் ஏற்றவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தூக்காவிட்டால் அவனுடைய ஞாயிற்றுக்கிழமை போயிற்று, நாலு காரும் போயிற்று, மூன்று வருடமும் போயிற்று. பெற்றவள் உடனே ஓடியிருக்க வேண்டும். நான் நின்றேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஷமீம் பீ துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தாள்.

அதுதான் பொறுக்கவில்லை. சாவி திருப்பினாள், சரி. அம்மி என்று பேர் வாங்கினாள், சரி. சிலிண்டர் தூக்குவதுமா? அதற்கு இந்த ஹைதராபாத்தில் ஒரு கைதான் உண்டு.

“தள்ளு” என்றேன்.

வரிசையாகத் தூக்கினேன். கால். அரை. காலி. காலி. முக்கால். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி இருந்தது, விடவில்லை. பதினேழாவதில் கை நின்றது. அதுவேதான். பழகிய ஆளை இருட்டில் தொட்டால் தெரியாதா.

“இதுதாம்ல. வெள்ளிக்கிழம நான் தூக்குனது இதுதான்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதுக்கே கேட்டது. செல்வம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

7

திரும்பும் வழி முழுக்க அவன் சிலிண்டரை மடியில் அணைத்துக்கொண்டே வந்தான். ஷெட்டில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்டான்.

“ஏம்மா?”

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு வந்தது இதுதான்.

“என்ட்ட எதுக்குல கேக்க? உன் அம்மிட்ட கேளு. எங்கூர்ல அம்மின்னா அரைக்கிற கல்லு. கல்லுக்கு என்ன கைராசி வேண்டிக்கெடக்கு?”

அவன் முகத்தில் கோபம் வந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்போம். குழப்பம்தான் வந்தது. “அம்மின்னா கல்லா?” என்றான். அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் மிக்சி வந்த பிறகு வளர்ந்தவன். இத்தனை நாள் நான் மனசுக்குள் வைது வைது ஆறிக்கொண்ட வார்த்தை என் மகனுக்கு அர்த்தமே ஆகவில்லை.

“க்யா போலே?” என்றாள் ஷமீம் பீ. என்ன சொன்னாள் என்று கேட்கிறாள்.

மசாலா அரைக்கிற கல் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “பத்தர் போலே, அம்மி. மசாலா பீஸ்னே கா பத்தர்.”

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தன்னைக் காட்டி “மை சில்” என்றாள். என்னைக் காட்டி “தும் பட்டா” என்றாள். சில் என்றால் அவர்கள் பாஷையில் அம்மிக்கல், பட்டா என்றால் குழவி. “ஔர் மசாலா?” என்று கேட்டு, தானே செல்வத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். நாம் இரண்டு பேரும் கல்தான், நடுவில் அரைபடுகிறது இவன் என்கிறாள்.

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். முடியவில்லை. அந்த வாயுவைத் திறக்காமலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வம்தான் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்கடியில் போய்விட்டான்.

மறுநாள் காலை ஓடுபாதைக்குப் போனோம். கார் ஒரு வண்டியிலும், நாங்கள் ஒரு வண்டியிலும். ஷமீம் பீ இறங்கும்போது பார்க்கிறேன், வலது மணிக்கட்டில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தாள்.

“க்யா ஹுவா அம்மி?” என்ன ஆச்சு என்று பதறினான் செல்வம்.

சுளுக்கு என்றாள். நேற்று சிலிண்டரைப் பிடித்ததில் வந்ததாம். பதினேழு சிலிண்டர் தூக்கியது நான். ஒன்றின் கழுத்தைத் தொட்டது அவள். சுளுக்கு அவளுக்கு! கையைத் துணியோடு தூக்கிக் காட்டி, “மேரே ஸே நை ஹோதா. காட்டாம்மா கோலேங்கே” என்றாள். என்னால் முடியாது, காட்டாம்மா திறப்பாள்.

செல்வம் என்னைப் பார்த்தான். நேற்றிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தான். டிக்கியைத் திறந்துவிட்டான்.

சிலிண்டர் தலைகீழாக, இரண்டு பட்டையில் இறுக்கி மாட்டியிருந்தது. குனிந்து வால்வைப் பிடித்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது. இடது பக்கம் மெதுவாகத் திருப்பினேன். குழாய்க்குள் உஸ்ஸென்று போய், பக்கத்திலிருந்த முள் எழுந்து நின்றது. அவ்வளவுதான். ஏழு நாள் நான் வெந்தது இந்த ஒரு உஸ்ஸுக்குத்தான். நிமிர்ந்தபோது பின்னால், அவனைப் பார்க்க வந்த நாலு பேரில் ஒருவரிடம் செல்வம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மி விட்டுக்கொடுத்துட்டாங்க, அவங்க மனசு ரொம்பப் பெருசு என்று.

பாருங்கள். திறந்த கை என்னுடையது. பேர் அவளுக்கு. விட்டுக்கொடுத்தவளைப் புகழ்கிற மாதிரி வாங்கிக்கொண்டவளை யாராவது புகழ்ந்து கேட்டிருக்கிறீர்களா?

கார் ஓடியதைப் பற்றி நான் அதிகம் எழுத முடியாது. நிற்கும்போது சாதாரணமாக உறுமியது. பாதி தூரம் போனதும் சத்தம் மாறியது, யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு துள்ளு துள்ளி, வெள்ளையாக ஒரு கோடு போனது. அந்தக் கோட்டுக்குள் என் பிள்ளை இருக்கிறான் என்று நினைத்தபோது, வால்வைத் திறந்தது இந்தக் கைதானே என்று பட்டது. பக்கத்தில் ஷமீம் பீ என் கையைப் பிடித்துக்கொண்டாள். துணி சுற்றிய கையால்தான் பிடித்தாள், நல்ல இறுக்கு. சுளுக்கின கை இப்படிப் பிடிக்காது. நானும் விடவில்லை.

பழைய நேரத்தைவிட நன்றாகவே குறைத்துவிட்டான். பிஸ்டன் உருகவில்லை. நாலு பேரும் காரைச் சுற்றிக்கொண்டார்கள், இரண்டு பேர் அங்கேயே தங்கள் காரைக் கொண்டுவர நாள் கேட்டார்கள். செல்வம் கதவைத் திறந்து, அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்து, சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். முதலில் யாரிடம் வந்தான் என்று கேட்பீர்கள். அவளிடம்தான். அவள் இந்தப் பக்கம் நின்றாள், நான் அந்தப் பக்கம், அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன். பிறகு என்னிடம் வந்தான். டிக்கியிலிருந்து சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

“அம்மா, காலியா பாரு.”

தராசு நாங்கள் வந்த வண்டியிலேயே இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. வந்திருந்த நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாண் தூக்கினேன். அவசரப்படவில்லை. ஷமீம் பீ துணியை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“காலி ஆகலைல” என்றேன். “இன்னும் அடியில கொஞ்சம் கெடக்கு.”

ஷமீம் பீ சிரித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. காலி மட்டும் தெரியும்.